மாமியின் அழைப்பு மணி

உபதேசியார் ஜெபத்துக்குக் கண்களை மூடியிருந்தார். வீட்டின் முன்னறையான முன்முறியில் பாய்மேல் இருந்த ஆண்கள் எல்லோரும் தலையைக் குனிந்திருந்தார்கள். நடுவில் ஒரு வெண்கலத் தாம்பாளம். அதில் வெற்றிலைக்கட்டு, பாக்கு, இரண்டு சீப்பு மட்டிப்பழம். பழத்தின் மணமும் புதுப்பாயின் கோரை மணமும் சேர்ந்து அடுக்களை வாசல்வரை வந்தன. ஜெபம் முடிந்தால் தட்டு கைமாறும். கைமாறிவிட்டால் என் நாத்தனார் எஸ்தரின் கல்யாணம் நிச்சயம்.

அப்போது நடையில் மாட்டியிருந்த மின்சார மணி அடித்தது. இரண்டு தடவை. கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடியும் இரண்டு தடவை.

ஜெபம் நின்றது. மாப்பிள்ளையின் அப்பா கண்ணைத் திறந்து, "அது என்னவாக்கும்?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல. உள்ள எனக்க வீட்டுக்காரி சொகமில்லாம கெடக்கா. தண்ணி கேக்குதா போல," என்றார் என் மாமனார்.

மாமி, அதாவது என் மாமியார், கேட்பது தண்ணீர் இல்லை என்பது அந்த வீட்டில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி நான், சாயாத் தட்டோடு அடுக்களை வாசலில் நின்றிருந்தேன். இன்னொருத்தி எனக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து நின்ற எஸ்தர்.

மின்கம்பம் எட்டிப் பார்க்காத அந்த வீட்டுக்குள் மின்சார மணி எப்படி வந்தது என்பதைச் சொன்னால்தான் மீதிக் கதை விளங்கும்.

மிஞ்சியிருந்த சொல்

போன வாரம் இந்தத் தொடரை என் கல்யாணத்தோடு நிறுத்தியிருந்தேன். நாகர்கோவிலில் பிறந்து வளர்ந்த நான், கருங்கல் என்ற ஊரின் பக்கத்துக் கிராமத்துக்கு வாழ வந்தேன். இங்கே திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகி, நாம் தமிழ்நாட்டோடு சேர்வோமா மாட்டோமா என்று சந்தையில் சண்டை நடந்துகொண்டிருந்த காலம் அது.

என் கல்யாணத்துக்குச் சில மாதங்களுக்கு முன்பு மாமி அடுக்களையில் விழுந்துவிட்டார். வலது கையும் காலும் பக்கவாதத்தில் போயின. அதோடு பேச்சும் போயிற்று. முழுதாகப் போகவில்லை. ஒரே ஒரு சொல் மிஞ்சியிருந்தது. "செரி."

அந்த ஒரு சொல்லை எத்தனை விதமாகச் சொல்வார் தெரியுமா? இழுத்து, குறுக்கி, கோபமாக, கெஞ்சலாக. கேட்கிறவர்களுக்கோ அது எப்போதும் சம்மதம்தான். பார்க்க வந்தவர்கள், "ஞானப்பூ எதுக்கும் மறுப்பு சொல்லாத பொம்பளை" என்று பாராட்டிவிட்டுப் போவார்கள். நான் அந்த வீட்டுக்கு வந்தபோது மாமியின் குரல் அவ்வளவுதான். அதற்கு முன் அவர் எப்படிப் பேசினார் என்று எனக்குத் தெரியாது.

வீடு நீளமானது. முன்னால் முன்முறி, பிறகு நடை, நடையின் தெற்கே மாமி படுத்திருந்த முறி, கடைசியில் அடுக்களை. கூப்பிட மாமிக்கு வழியில்லை. இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டுவார். அடுக்களையில் தேங்காய் திருவும் சத்தத்தில் அது கேட்காது. மாமா, என் மாமனார், நல்லமிளகு வியாபாரி, காலையில் போனால் பொழுதடையத்தான் வருவார். என் கணவர் ஞானதாஸ் நாகர்கோவிலில் ஓர் ஆபீசில் வேலை பார்த்தார். நான் பள்ளிக்குப் பாடம் நடத்தப் போய்விட்டால் எஸ்தர் மட்டும்தான். பள்ளியிறுதி முடித்துவிட்டு, அம்மாவைப் பார்க்க வீட்டில் இருந்தாள். ஒருநாள் அவள் கிணற்றடியில் இருந்தபோது மாமி ஈரத்திலேயே நெடுநேரம் கிடந்துவிட்டார். எஸ்தர் அன்று சாப்பிடவில்லை.

கரண்டு ஏன் திரும்பி வரணும்?

அந்த ஆண்டுதான் எங்கள் பள்ளியின் அறிவியல் ஆசிரியை கல்யாணமாகிப் போனார். தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு, "லில்லி, நீ காலேஜில் பௌதிகம் படிச்சவள்தானே, நாலாம் பாரத்துக்கு நீயே எடு," என்றார். நாலாம் பாரம் என்றால் இன்றைய ஒன்பதாம் வகுப்பு. நான் படித்தது ஆங்கிலத்தில். எடுக்க வேண்டியது தமிழில். பல வார்த்தைகளை வகுப்புக்குப் போகும் வழியில் நானே உண்டாக்கிக்கொண்டேன்.

மின்சாரப் பாடம் வந்தது. பள்ளியில் இருந்ததெல்லாம் சில கண்ணாடிக் குடுவைகள், துத்தநாகக் கம்பிகள், கரித்தண்டுகள். குடுவையில் நவச்சாரம் கரைத்து ஊற்றி, துத்தநாகத்தையும் கரியையும் அதில் நிறுத்தினால் அது ஒரு செல், மின்கலம். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர்கள் வெண்புகை கிளம்பப் போடுவார்களே, அதே நவச்சாரம். துத்தநாகத்தையும் கரியையும் செம்புக் கம்பியால் ஒரு சின்ன பல்போடு இணைத்தால் பல்பு மினுக்கும். ஒரு முனையை எடுத்தால் அணையும்.

நாஞ்சில் நாட்டுக்காரி அல்லவா, எனக்கு முதலில் வாயில் வந்தது வாய்க்கால்தான். "அணையிலிருந்து வாய்க்கால்ல தண்ணி வருதுல்லா, அது போலக் கம்பியில மின்சாரம் வரும்," என்றேன். பிள்ளைகள் தலையாட்டினார்கள்.

சரோஜம் என்று ஒரு பெண், கடைசி வரிசையில் இருப்பாள். அவள் எழுந்தாள். "டீச்சர், வாய்க்கால் தண்ணி வயலுக்கு வந்தா அங்கேயே வத்திரும். யாரும் அதைத் திருப்பி அணைக்குக் கொண்டுபோவ மாட்டாவ. அப்ப பல்புக்கு எதுக்கு ரெண்டு கம்பி? கரண்டு ஏன் திரும்பி வரணும்?"

எனக்கு அது திரும்பி வர வேண்டும் என்று தெரியும். ஏன் என்று யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. "நாளைக்குச் சொல்லுதேன், மக்கா," என்று மணி அடிக்கும் முன்பே வகுப்பை முடித்துக்கொண்டேன்.

கிணற்றுக் கயிறு

அன்று சாயங்காலம் முழுக்க யோசித்தேன். மறுநாள் பள்ளிக் கிணற்றின் பழைய கயிற்றை வாங்கி, இரண்டு முனையையும் முடிந்து, பெரிய வளையமாக்கினேன். பிள்ளைகளை மாமரத்தடியில் வட்டமாக நிறுத்தி, எல்லோர் கையிலும் கயிற்றைக் கொடுத்தேன். இறுக்கிப் பிடிக்கக் கூடாது, உள்ளங்கை வழியாக ஓட விட வேண்டும்.

"சரோஜம், நீதான் செல். கயிற்றை ஒரு பக்கமா இழுத்து இழுத்து விடு."

அவள் இழுத்தாள். வட்டம் முழுக்கக் கயிறு ஒரே நேரத்தில் நகர்ந்தது. அவளுக்கு எதிரே நின்றவள் கையிலும் அதே நொடியில் ஓடியது. செல் மின்சாரத்தைப் புதிதாக உண்டாக்கி அனுப்புவதில்லை. கம்பிக்குள் முன்பே இருப்பதைத்தான் தள்ளிவிடுகிறது. முன்னால் போகிற கயிறு பின்னால் வந்து சேராவிட்டால் இழுப்பதற்குக் கையில் என்ன இருக்கும்? சரோஜம் தன் கேள்விக்குத் தானே பதிலைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஒருத்தியைக் கயிற்றைச் சற்று இறுக்கிப் பிடிக்கச் சொன்னேன். கயிற்றின் ஓட்டம் எல்லோர் கையிலும் குறைந்தது, அவளிடத்தில் மட்டும் அல்ல. அவள், "கை சுடுது டீச்சர்," என்று உள்ளங்கையை ஊதினாள். அதுதான் மின்தடை. பல்புக்குள் இருக்கும் மெல்லிய இழை இப்படித்தான் ஓட்டத்தைத் தடுத்துச் சூடேறி ஒளிர்கிறது. இழுக்கிற பலம் மின்னழுத்தம். கயிறு ஓடுகிற அளவு மின்னோட்டம். பலம் கூடினால் ஓட்டம் கூடும். பிடி இறுகினால் ஓட்டம் குறையும். ஓம் விதி என்று பலகையில் எழுதுவதற்கு முன்பே அது அவர்கள் கையில் சூடாக ஏறியிருந்தது.

பிறகு முடிச்சை அவிழ்த்தேன். சரோஜம் இழுத்தாள். ஒரு முனை அவளோடு போயிற்று, மற்ற முனை தரையில் கிடந்தது. "இப்ப பல்பு எரியாது," என்றாள் ஒருத்தி. அவ்வளவுதான் மின்சுற்று. சுற்று மூடியிருந்தால் ஓடும், எங்கே அறுந்தாலும் எல்லா இடத்திலும் நிற்கும்.

அதற்குப் பிறகு இரண்டு மூன்று நாள் வகுப்பே சந்தை மாதிரி இருந்தது. சுற்றில் ஓர் இடைவெளி விட்டு, கையில் கிடைத்ததையெல்லாம் அதில் வைத்துப் பார்த்தோம். தலை ஊசி கடத்தியது. காசு கடத்தியது. பென்சிலின் கரி கடத்தியது, அதன் மரம் கடத்தவில்லை. கண்ணாடி வளையல், ரப்பர், காய்ந்த ஓலை எதுவும் கடத்தவில்லை. எதிலே ஓடும், எதிலே ஓடாது என்று பிள்ளைகளே பிரித்து வைத்தார்கள்.

மூங்கிலுக்குள் செல்

சுற்றை மூடவும் திறக்கவும் ஒரு விரல் போதும் என்று வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் மாமியின் இடது கை நினைவுக்கு வந்தது.

இரவு சாப்பாட்டின்போது கணவரிடம், "நாகர்கோவில்ல இருந்து ஒரு மின்சார மணி வாங்கிட்டு வாரியளா?" என்று கேட்டேன்.

அவர் சோற்றுக் கையோடு நிமிர்ந்தார். "வீட்டுக்கு கரண்டே வரல. மணி எதுக்கு? கழுத்துல கட்டவா?"

ஆனாலும் வாங்கி வந்தார். மணியும், நூல் சுற்றிய செம்புக் கம்பியும், டார்ச் விளக்குச் செல்கள் மூன்றும். மூங்கிலை நீளவாக்கில் பிளந்து, ஒரு பாதியில் செல்களை வரிசையாகப் படுக்க வைத்தோம். ஒன்றின் தலை அடுத்ததன் அடியைத் தொட வேண்டும். ஒரே திசையில் மூன்று பேர் கயிறு இழுப்பதுபோல, அப்போது பலம் சேரும். ஒன்றைத் தலைகீழாக வைத்தால் அது எதிர்ப்பக்கம் இழுத்து இன்னொன்றின் உழைப்பைக் கெடுக்கும். மாமியின் கட்டிலுக்கு ஒரு பொத்தான் செய்தோம். மரத்துண்டின்மேல் இரண்டு பித்தளைத் தகடுகள், ஒன்று வளைந்து நிற்கும். விரல் அழுத்தினால் கீழே உள்ளதைத் தொடும், விட்டால் எழும்பிவிடும்.

எல்லாம் இணைத்து அழுத்தினேன். மணி பேசவில்லை. செல்லை மாற்றிப் பார்த்தேன், கம்பியை இழுத்துப் பார்த்தேன். வகுப்பில் அத்தனை சொன்னவளுக்கு வீட்டில் ஒன்றும் ஓடவில்லை. எஸ்தர் குனிந்து பார்த்து, "மைனி, கம்பி மேல நூல் சுத்தியிருக்கே. நூல் கடத்துமா?" என்று கேட்டாள். முனைகளில் நூலை நீக்க மறந்திருந்தோம். அவள் அரிவாளின் நுனியால் செம்பு பளபளக்கும்வரை சுரண்டினாள். மறுபடி அழுத்தியபோது நடை அதிர்ந்தது.

மணி அடிப்பதில் ஒரு வேடிக்கை உண்டு. மின்சாரம் ஓடும்போது அதன் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் காந்தமாகிச் சுத்தியலை இழுக்கிறது. சுத்தியல் நகர்ந்ததும் அதுவே சுற்றை அறுத்துவிடுகிறது. காந்தம் போய்ச் சுத்தியல் பழைய இடத்துக்குத் திரும்பினால் சுற்று மூடி மறுபடி இழுக்கிறது. அறுந்தும் சேர்ந்தும்தான் அந்தச் சத்தம் வருகிறது.

மாமா பழைய காலத்து மனுஷர். "வீட்டுக்குள்ள கரண்டு ஆபத்தில்லியா மக்களே?" என்று கேட்டார். ஆபத்து இல்லை என்று செல்லின் இரண்டு முனையையும் விரலால் தொட்டுக் காட்டினேன். சிறிய செல்லின் தள்ளும் பலம் நம் தோலைத் தாண்டாது. தெருக்கம்பியில் வருவது வேறு, அதன் பக்கமே போகக் கூடாது என்பதையும் சொன்னேன். வகுப்பிலும் இதை இரண்டு தடவை சொல்லித்தான் அனுப்புவேன்.

ஒன்று வேணும், இரண்டு வேண்டாம்

முதலில் அது கூப்பிடுகிற மணியாக மட்டும்தான் இருந்தது. ஒரு சனிக்கிழமை மாமி அடித்தார். போனேன். "சாயா வேணுமா மாமி?" "செரி." கொண்டுவந்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். "கஞ்சி வேணுமா?" "செரி." கஞ்சியையும் தள்ளிவிட்டார். கண்ணில் நீர் நின்றது.

எஸ்தர் என்னை வெளியே கூட்டிவந்து சொன்னாள். "அம்மா வேண்டாம்னு நினைச்சாலும் வாயில செரின்னுதான் வருது மைனி. நானும் கொஞ்ச நாளாப் பாக்கேன். அவளுக்கே அது தெரியுது, அதான் அழுதா."

அன்று மாமியின் கட்டிலில் உட்கார்ந்து பொத்தானை அவர் கையடியில் வைத்தேன். "மாமி, நீங்க ஒண்ணும் சொல்லாண்டாம். வேணும்னா ஒரு தடவை அழுத்துங்க. வேண்டாம்னா ரெண்டு. சாயா வேணுமா?"

இரண்டு.

"ஜன்னலைத் தொறக்கணுமா?"

ஒன்று. ஜன்னலைத் திறந்தேன். மாமி கண்ணை மூடிக்கொண்டு காற்றை முகத்தில் வாங்கினார். அந்த ஜன்னலை நாங்கள் குளிருக்கென்று பல மாதங்களாகச் சாத்தி வைத்திருந்தோம்.

பகலில் நடந்த இந்தப் பேச்சு பொழுதடைந்து வரும் மாமாவுக்குத் தெரியாது. சொன்னபோது, முழுக்கக் கேட்காமலே "விளையாட்டுச் சாமான்" என்று சிரித்தார்.

சிலோனில் தேயிலைத் தோட்டத்தில் கணக்கு வேலை பார்க்கும் பையனுக்கு எஸ்தரைக் கொடுப்பதென்று மாமாவும் அவருடைய அண்ணனும் சந்தையில் வைத்தே பேசி முடித்தார்கள். அந்த அண்ணனை நாங்கள் பெரியப்பா என்போம். மாப்பிள்ளை வீட்டார் வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம் மாமா மாமியின் கட்டிலில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார். உட்கார இடம் வேண்டுமென்று பொத்தானை எடுத்து ஜன்னலில் வைத்துவிட்டார். மாமி "செரி" என்றார். மறுநாள் காலையில் மாமா, "ஒங்கம்மையும் செரின்னுட்டா. உச்சைக்குப் பெறவு அவிய வருவாவ," என்று எங்களிடம் சொன்னார். அம்மாவுக்கு முகம் துடைக்கப் போன எஸ்தர் பொத்தானை ஜன்னலிலிருந்து எடுத்து அவர் கையடியில் வைத்தாள்.

முன்முறியில் நடந்தது

உபதேசியார் மறுபடியும் கண்ணை மூடினார். மணி மறுபடியும் அடித்தது. இரண்டு. பிறகு இரண்டு. நிற்கவில்லை.

"ஏட்டி எஸ்தர், அங்க போய் என்னன்னு பாரு," என்றார் மாமா.

எஸ்தர் அசையவில்லை. பெரியப்பாதான் எழுந்தார். அவருக்கு அந்த மணியைக் கண்டாலே ஆகாது. "சாவக் கெடக்குதவளுக்குப் பக்கத்துல கரண்டைக் கொண்டு வச்சிருக்கிய. இனி ஜெபத்தையும் கெடுக்குது," என்று நடைக்கு வந்து, மணியிலிருந்து ஒரு கம்பியைப் பிடுங்கினார். சத்தம் பாதியில் அறுந்தது. முன்முறிக்குத் திரும்பி, "இனி ஜெபியும்," என்றார் உபதேசியாரிடம்.

நான் வந்து இன்னும் ஒரு வருஷம் ஆகாத மருமகள். அந்த முன்முறியில் ஆண்கள் இருக்கும்போது நான் சாயா கொடுக்க மட்டுமே போயிருக்கிறேன். தட்டைக் கீழே வைத்தேன். சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

"மாமா, மாமி தண்ணி கேக்கல. ரெண்டு தடவை அடிச்சா வேண்டாம்னு அர்த்தம்."

"பொம்பளைய பேசுத எடமா இது?" என்றார் பெரியப்பா.

மாமா அவரைக் கையமர்த்தினார். என்னிடம், "நேத்தைக்கு எனக்க கிட்ட செரின்னாளே," என்றார். குரலில் கோபம் இல்லை, குழப்பம் இருந்தது.

"மாமி எதுக்குத்தான் செரின்னு சொல்லல மாமா? பூனை பாலைக் குடிச்சாலும் செரின்னுதான் சொல்லுவாங்க. அவங்ககிட்ட வேற சொல்லு இல்ல."

என் கணவர் அதுவரை பாயைப் பார்த்துக்கொண்டிருந்தவர், மெல்ல, "லில்லி சொல்லுதது நேராத்தான் இருக்கும் அப்பா. நீங்களே போய்க் கேளுங்க," என்றார்.

மாமா எழுந்து தெற்கு முறிக்குப் போனார். நான் வாசலில் நின்றேன். அவர் கட்டிலில் உட்கார்ந்தார்.

"ஞானப்பூ, எஸ்தருக்கு இந்த சம்பந்தம். ஒனக்கு சம்மதம்தானே?"

"செரி," என்றது மாமியின் வாய்.

விரல் பொத்தானை அழுத்தியது. சத்தம் வரவில்லை, கம்பிதான் அறுந்து கிடந்ததே. விரல் எழுந்து மறுபடி அழுத்தியது. தகடு தகட்டைத் தொடும் சின்ன ஒலி மட்டும் கேட்டது. இரண்டு. மறுபடி இரண்டு. நகம் வெளுக்கும் அளவுக்கு அழுத்தினார்.

மாமா வாயைப் பார்த்தார். பிறகு விரலைப் பார்த்தார். தன் கையை அந்த விரலின்மேல் வைத்து நிறுத்தினார்.

"எத்தனை காரியத்துக்கு நீ செரின்னே," என்றார். "நான் அப்படியே எடுத்துக்கிட்டேனே."

முன்முறிக்கு வந்து, "அண்ணே, இண்ணைக்கு வேண்டாம்," என்றார்.

மாப்பிள்ளையின் அப்பா நல்ல மனுஷர். "எங்க பையன்ல கொறை வல்லதும் கேட்டியளா?" என்று மட்டும் கேட்டார்.

"ஒரு கொறையும் இல்ல. எனக்க வீட்டுக்காரிக்குச் சம்மதமில்ல. அதை நான் இப்பதான் கேட்டேன்."

அவர்கள் சாயா குடித்துவிட்டுத்தான் போனார்கள். பெரியப்பா குடிக்கவில்லை. அதன் பிறகு நெடுநாள் எங்கள் வீட்டுப் படி ஏறவும் இல்லை.

கேள்வியைத் தேடி

எஸ்தர் கம்பியை முறுக்கி மாட்டினாள். மாமா கட்டிலை விட்டு நகரவில்லை. மிளகை உள்ளங்கையில் உருட்டி விலை பேசுகிறவர் அவர். அதே பொறுமையோடு கேட்க ஆரம்பித்தார்.

"பையன்தான் காரணமா?"

இரண்டு.

"சிலோன் தூரம்னு நினைக்கியா?"

இரண்டு.

"எஸ்தர் காலேஜுக்குப் போகணும்னு ஆசையா?" இது நான் சொல்லிக்கொடுத்த கேள்வி. மாமி அதற்காகத்தான் இவ்வளவும் செய்தார் என்று நான் உறுதியாக நம்பியிருந்தேன்.

இரண்டு.

மாமா சோர்ந்துவிட்டார். மாமியும் சோர்ந்துவிட்டார். ஆமாம், இல்லை என்று மட்டும் சொல்ல முடிகிறவரிடம், சரியான கேள்வியை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். தவறான கேள்விகள் எத்தனை கேட்டாலும் அவர் மனதில் இருப்பது வெளியே வராது. நான் எஸ்தரைப் பார்த்தேன். காலையிலிருந்து அவள் வாயிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை, நான் உட்பட.

"மாமி, எஸ்தர்கிட்ட கேக்கணுமா?"

மணி ஒரு தடவை அடித்தது. மாமி விரலை எடுக்கவில்லை. அது நீளமாக அடித்துக்கொண்டே இருந்தது.

மாமா கதவோரம் நின்ற மகளைத் திரும்பிப் பார்த்தார். "சொல்லு மோளே."

எஸ்தர் கதவை விட்டு உள்ளே வந்தாள். "கல்யாணம் வேண்டாம்னு இல்லப்பா. இப்ப வேண்டாம். எனக்கு நர்ஸ் படிக்கணும். மிஷன் ஆஸ்பத்திரியில எடுப்பாவ."

"நர்ஸா? நம்ம வீட்டுப் பிள்ளை ஊரான் மலமூத்திரம் எடுக்கவா?"

"இஞ்ச எடுத்துக்கிட்டுதானே இருக்கேன்," என்றாள் எஸ்தர். "எனக்கு அதுல அருவருப்பு இல்ல. அம்மாவுக்கு என்ன வந்துதுன்னு எனக்குத் தெரியணும். பேச்சு ஏன் போச்சு, செரி மட்டும் ஏன் போகலன்னு தெரியணும்."

மாமா எழுந்து முன்முறிக்குப் போய்விட்டார். அடுத்த சில வாரங்கள் வீட்டில் இறுக்கமாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு திங்கள்கிழமை காலை அவரே எஸ்தரின் தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார். அந்தச் சிலோன் பையனுக்கு வேறிடத்தில் கல்யாணம் ஆயிற்று. நன்றாகவே வாழ்ந்தான் என்று கேள்விப்பட்டேன். எஸ்தர் படித்து முடித்தாள், வேலை பார்த்தாள், பல ஆண்டுகள் கழித்துத் தனக்குப் பிடித்தவரைக் கட்டிக்கொண்டாள். பேச்சு ஏன் போயிற்று என்று அவள் பெரிய டாக்டர்களிடமெல்லாம் கேட்டாள். செரி மட்டும் ஏன் மிஞ்சியது என்பதற்கு அவளுக்கு நிறைவான பதில் கிடைக்கவில்லை.

மழை பெய்த சாயங்காலம்

எஸ்தர் போன பிறகு பகலில் மாமியோடு இருக்க ஆள் இல்லை. மாமா சந்தைக்குப் போவதைக் குறைத்துக்கொண்டார். முதலில் கடமைக்கு உட்கார்ந்தவர், பிறகு கேள்வி கேட்டுப் பழகினார். ஊர் விஷயம் சொல்வார், "அப்படித்தானே?" என்பார். மாமி மணியால் மறுப்பார். செல்கள் முன்பைவிடச் சீக்கிரம் தீர்ந்தன. என் கணவர் நாகர்கோவிலிலிருந்து வரும்போதெல்லாம் புதுச் செல் வாங்கி வர வேண்டியிருந்தது.

ஐப்பசி மழையில் ஒரு சாயங்காலம் நான் பள்ளியிலிருந்து நனைந்துகொண்டு வந்தேன். தெற்கு முறி ஜன்னல் திறந்திருந்தது. மாமாவின் குரல் கேட்டதால் ஜன்னலுக்கு வெளியே, ஓட்டு விளிம்பின் கீழ் ஒதுங்கினேன். பேச்சின் நடுவில் உள்ளே போகக் கூசியது.

"ஞானப்பூ, நம்ம கல்யாணத்துக்கு முந்தி ஒனக்க கிட்ட யாரும் சம்மதம் கேட்டாவளா?"

மணி இரண்டு தடவை அடித்தது.

ஓட்டிலிருந்து மழைநீர் சொட்டும் சத்தம் கேட்டது. பிறகு மாமா கேட்டார்.

"அண்ணைக்கு நான் வந்து கேட்டிருந்தா, செரின்னிருப்பியா?"

செல் தீர்ந்துவிட்டதோ என்றுகூட நினைத்தேன். பிறகு மணி அடித்தது. ஒன்று. சிறிது இடைவெளி. இன்னொன்று.

அந்த ஈரத்தில் நின்றிருக்கவே கூடாது என்று தோன்றியது.

"அப்ப நான் கேக்காததும் நல்லதாப் போச்சு," என்றார் மாமா.

உள்ளே ஒரு சத்தம் கேட்டது. கரகரப்பாக, தொண்டையிலிருந்து கிளம்பி, பாதியில் மூச்சு வாங்கி மறுபடி கிளம்பியது. இருமல் என்று பதறி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். மாமி சிரித்துக்கொண்டிருந்தார். நான் அந்த வீட்டுக்கு வந்த பிறகு அவருடைய சிரிப்பைக் கேட்டது அதுதான் முதல் தடவை.